விடியுமுன் பத்திரிகை எழுதிய வாத்தியார்

உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஆண்டு மலர் நினைவிருக்கும். முதல் பக்கத்தில் தாளாளர் படம். அடுத்து தலைமை ஆசிரியரின் அறிக்கை. கடைசியில் ஓட்டப் பந்தயத்திலும் பேச்சுப் போட்டியிலும் வென்றவர்களின் பட்டியல். நடுவில் மாணவர்கள் எழுதிய கட்டுரைகள், கவிதைகள். அவற்றைக் கேட்டு வாங்கி, பிழை திருத்தி, அச்சகத்துக்கு நடையாய் நடந்து மலரை வெளியே கொண்டுவருபவர் ஓர் ஆசிரியர். பெரும்பாலும் தமிழ் வாத்தியார்தான். இந்த வேலைக்கு அவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. மலர் நன்றாக வந்தால் பாராட்டு தலைமை ஆசிரியருக்கு. பிழை வந்தால் திட்டு இவருக்கு.

பையன் எழுதிய நாலு வரியை மதித்து அச்சேற்றும் வாத்தியாரை அந்தப் பையன் ஆயுள் முழுக்க மறப்பதில்லை. அத்தகைய வாத்தியார் ஒருவர் மகாராஷ்டிரத்தில் இருந்தார். அவர் பெயர் பாண்டுரங்க சதாசிவ சானே. மக்கள் அழைத்தது சானே குருஜி என்று.

மும்பைத் தமிழர்கள் இந்தப் பெயரை நிச்சயம் பார்த்திருப்பார்கள். ஆர்தர் ரோடு என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சாலைக்கு இன்றைய பெயர் சானே குருஜி மார்க். ஆர்தர் ரோடு ஜெயில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பலகையைப் படித்துவிட்டு, யாரோ சாமியார் போலிருக்கிறது என்று நினைப்பவர்கள் நம்மில் அதிகம். அவர் சாமியார் அல்ல, பள்ளிக்கூட வாத்தியார். அதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. நம் ஊர்த் திருச்சிச் சிறையில் இருந்து, தமிழ் படித்து, திருக்குறளை மராத்தியில் எழுதிய மனிதர் அவர்.

அமள்நேர் பள்ளிக்கூடம்

கொங்கணத்தில் ரத்னகிரி மாவட்டம், தாபோலிக்குப் பக்கத்தில் பால்கட் என்ற சிற்றூர். அங்கே 1899 டிசம்பர் 24ஆம் தேதி பிறந்தார். ஒரு காலத்தில் வசதியாக இருந்த குடும்பம். அவர் பிறந்து வளர்வதற்குள் கடன் ஏறி, வீடு ஜப்தியாகி, நொடித்துப் போனது. பையனை ஔந்து என்ற ஊருக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே பிளேக் நோய் வந்தது. பிறகு புனே. 1917இல் தாயார் இறந்தபோது மகன் பக்கத்தில் இல்லை. அந்தத் துக்கம் அவரைக் கடைசி வரை விடவில்லை.

எம்.ஏ. முடித்துவிட்டு, தத்துவ ஆராய்ச்சிக்காக அமள்நேர் என்ற ஊருக்கு வந்தார். சூரத்திலிருந்து நந்துர்பார் வழியாக ஜல்காவ்ன் போகும் ரயில் பாதையில் இருக்கிறது அமள்நேர். அகமதாபாத்திலிருந்து சென்னைக்குப் போகும் நவஜீவன் எக்ஸ்பிரஸும் இந்தப் பாதையில்தான் ஓடுகிறது. குஜராத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் தீபாவளிக்கு ஊர் போகும்போது, தெரிந்தோ தெரியாமலோ, இவருடைய ஊரைக் கடந்துதான் போகிறார்கள்.

தத்துவ ஆராய்ச்சியில் மனம் ஒட்டவில்லை. 1924இல் அதே ஊரில் பிரதாப் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். ஆறே ஆண்டுதான் வேலை பார்த்தார். முப்பது வருஷம் சர்வீஸ் போட்டுவிட்டு, மாலை மரியாதையோடு ஓய்வு பெறும் வாத்தியார்கள் எத்தனையோ பேர். இந்த ஆறு வருஷ வாத்தியாரை நூறு வருஷம் கழித்தும் மகாராஷ்டிரம் பேசிக்கொண்டிருக்கிறது.

பள்ளியின் மாணவர் விடுதியையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். விடுதி வார்டன் என்றால் கையில் பிரம்பு, வாயில் அதட்டல் என்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். இவர் வேறு மாதிரி. பையன்கள் அறையை ஒழுங்காக வைத்துக்கொள்ளாவிட்டால் திட்டமாட்டார். அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் தாமே உள்ளே போய்ப் பெருக்குவார், படுக்கையை மடித்து வைப்பார், லாந்தர் கண்ணாடியைத் துடைப்பார். அழுக்குத் துணி கிடந்தால் துவைத்துப் போடுவார். திரும்பி வரும் பையனுக்கு வெட்கம் பிடுங்கும். மறுநாளிலிருந்து அவனே செய்வான்.

இப்படிச் செய்தால் பையன்கள் சோம்பேறியாகிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டில் அப்பன்மார்கள் இதைச் செய்து பார்த்தால் எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. சானே குருஜிக்குப் பலித்தது. காரணம், அவர் அதை ஒரு தந்திரமாகச் செய்யவில்லை. தாயில்லாத தமக்குத் தாய் செய்ததை, தாயைப் பிரிந்து வந்திருக்கும் இந்தப் பையன்களுக்குச் செய்தார். அவ்வளவுதான்.

கையெழுத்துப் பத்திரிகை

விடுதிப் பையன்களுக்காக ஒரு கையெழுத்துத் தினசரி நடத்தினார். பெயர் 'சாத்ராலய்', அதாவது மாணவர் விடுதி. பையன்கள் எழுந்திருக்குமுன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, முழுவதையும் தம் கையாலேயே எழுதிவிடுவார் என்று சொல்வார்கள். நாட்டு நடப்பு, பெரியோர் வரலாறு, விடுதியில் நடந்த நல்லது கெட்டது எல்லாம் அதில் வரும். பல் விளக்கிவிட்டு வரும் பையன்கள் முதலில் அதைப் படிக்க முண்டியடிப்பார்கள்.

ஒரே ஒரு பிரதி. அதைப் படிப்பவர்கள் விடுதியில் இருக்கும் அந்தச் சில பையன்கள் மட்டும். அதற்காக எம்.ஏ. படித்த மனிதர் நாள்தோறும் தூக்கத்தை விட்டு எழுதினார். ஆயிரக்கணக்கில் பிரதி விற்கும் பத்திரிகைக்கு எழுதினால் பேர் வரும், பணமும் வரலாம். ஒரே பிரதிப் பத்திரிகைக்கு எழுதினால் என்ன வரும்? எதிரே உட்கார்ந்து படிக்கும் பையனின் முகம் தெரியும். சானே குருஜிக்கு அது போதுமானதாக இருந்தது. பின்னால் அவர் எழுதியதெல்லாம் இந்த வழக்கத்திலிருந்து வந்தவைதான்.

1928இல் 'வித்யார்த்தி' என்ற மாணவர் மாத இதழைத் தொடங்கினார். அது பள்ளிக்கு வெளியிலும் பரவியது. கதர், சுயராஜ்யம், தொண்டு ஆகியவற்றை மாணவர் மனத்தில் விதைத்தது. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இதைச் செய்வது சாதாரண காரியமல்ல.

1930இல் காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். சானே குருஜி வேலையை ராஜிநாமா செய்துவிட்டுப் போராட்டத்தில் இறங்கினார். மாதச் சம்பளத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், ராஜிநாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு கனமான காரியம் என்று. ஏழ்மையைப் பார்த்து வளர்ந்த இவருக்கு அது தெரியாததல்ல. தெரிந்தேதான் போட்டார்.

திருச்சிச் சிறையில் தமிழ்

முதலில் தூலே சிறை. அங்கிருந்து திருச்சிச் சிறைக்கு அனுப்பினார்கள். மராத்தி தவிர வேறு பேச்சு கேட்காத ஊரில் வளர்ந்தவருக்குச் சுற்றிலும் தமிழ். இன்று மும்பைக்குப் புதிதாக வந்து இறங்கும் நம் ஊர்ப் பையன் தாதர் ஸ்டேஷனில் முழிக்கிறானே, அதே நிலை, திசை மட்டும் தலைகீழ். வாத்தியாராக இருந்தவர் மாணவராகி உட்கார்ந்து தமிழ் படித்தார். படித்ததோடு நிற்கவில்லை. திருக்குறளை மராத்தியில் பெயர்த்தார்.

வள்ளுவரை உலகத்துக்குத் தந்தவர்கள் என்று போப்பையரையும் மற்ற வெள்ளைக்காரப் பாதிரிமார்களையும் நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் நாம் பிழைக்க வந்த இந்த மாநிலத்தின் மொழியில் குறளை எழுதிய வாத்தியாரை நம் திருவள்ளுவர் விழா மேடைகளில் எத்தனை பேர் சொல்கிறார்கள்?

1932இல் மறுபடியும் தூலே சிறை. அப்போது அங்கே வினோபா பாவேயும் கைதி. ஞாயிறுதோறும் வினோபா கைதிகளுக்குக் கீதையைப் பற்றிப் பேசினார். பதினெட்டு அத்தியாயத்துக்குப் பதினெட்டுப் பேச்சு. அவ்வளவையும் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தவர் சானே குருஜி. இன்று தமிழ் உட்படப் பல மொழிகளில் படிக்கப்படும் வினோபாவின் கீதைப் பேருரைகள் அப்படி வந்தவைதான். விடுதித் தினசரி எழுதிப் பழகிய கை அல்லவா!

பிறகு நாசிக் சிறை. 1933 பிப்ரவரியில், ஐந்தே நாளில், ஒரு புத்தகத்தின் பெரும்பகுதியை எழுதினார். பெயர் 'ஷ்யாம்ச்சி ஆயீ', ஷ்யாமின் தாய் என்று பொருள். ஷ்யாம் என்பவன் இரவுதோறும் நண்பர்களிடம் தன் தாயைப் பற்றிச் சொல்கிறான். அப்படி 42 இரவுகள். 1935இல் வெளிவந்தது. மராத்திக்காரர் வீட்டில் இந்தப் புத்தகம் இல்லாத வீடு குறைவு. மும்பையில் மராத்தி மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் இதில் ஒரு கதையாவது சொல்வார்கள்.

குளித்துவிட்டு நிற்கும் சிறுவன் ஷ்யாம், தரையில் கால் வைத்தால் பாதம் அழுக்காகும் என்று அடம் பிடிக்கிறான். தாய் தன் சேலைத் தலைப்பை விரித்து அதன்மேல் நடக்கச் சொல்கிறாள். காலில் அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதுபோல மனத்திலும் ஒட்டாமல் பார்த்துக்கொள் என்கிறாள். இன்னொரு இரவில், கீழே விழுந்த விறகுக் கட்டைத் தூக்க முடியாமல் தவிக்கும் தாழ்த்தப்பட்ட குலத்துக் கிழவிக்குக் கைகொடுக்கும்படி மகனை அனுப்புகிறாள். தீட்டுப் பார்க்கும் பிராமணக் குடும்பம். காலமோ அந்தக் காலம்.

ஆச்சார்ய அத்ரே இதை 1953இல் படமாக எடுத்தார். ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் முதன்முதலாக இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுகிற எழுத்து என்று மராத்தி விமர்சகர்கள் சிலர் இவரைக் கேலி செய்வதுண்டு. கண்ணீர் அதிகம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் அல்ல இவர். 1947 மே மாதம் பண்டரிபுரம் விட்டல் கோயிலில் தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே விடவேண்டும் என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அதற்கு முன் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பத்து நாள் பட்டினிக்குப் பிறகு கதவு திறக்க வழி பிறந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையர் 1939இல் செய்த காரியத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். விறகுக் கட்டைத் தூக்கிவிடச் சொன்ன தாயின் மகன் வேறு எதைச் செய்வான்?

1948 ஆகஸ்ட் 15இல் 'சாதனா' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அது புனேயிலிருந்து இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

கடைசி ஆசை

அவருடைய கடைசி ஆசைக்குப் பெயர் 'ஆந்தர் பாரதி'. ஒரு மாநிலத்தார் இன்னொரு மாநிலத்தாரின் மொழியைக் கற்று, அவர்கள் இலக்கியத்தைப் படித்துப் பழக ஓர் அமைப்பு வேண்டும் என்றார். மராத்திக்காரன் தமிழ் படிக்க வேண்டும், தமிழன் மராத்தி படிக்க வேண்டும், வங்காளி கன்னடம் படிக்க வேண்டும் என்பது அவர் கனவு. மேடைக்காகச் சொன்ன பேச்சல்ல. ஒரு சிறைக்கூடத்தில் உட்கார்ந்து தாமே செய்து பார்த்த பிறகு சொன்னது.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இருபது முப்பது வருஷம் மும்பையில் இருந்தும் காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் அளவுக்கு மேல் மராத்தி தெரியாதவர்கள் நம்மில் உண்டு. அதுவும் பாதி இந்தி கலந்தது. வெளியூர்க்காரன் என்று யாராவது முகம் சுளித்தால் நமக்குக் கோபம் வருகிறது. கோபம் நியாயமானதுதான், உழைத்துச் சாப்பிடுகிறவனை யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. ஆனால் அவர்கள் வாத்தியார் நம் வள்ளுவரைப் படித்துவிட்டார். அவர்களுடைய ஷ்யாமின் தாயை நாம் இன்னும் படிக்கவில்லை. கணக்கில் பாக்கி நம் பக்கம்தான் நிற்கிறது.

ஆந்தர் பாரதி நிறைவேறுவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. காந்தியடிகளின் கொலை அவரை உலுக்கிவிட்டது. அதற்காக 1948இல் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். சுதந்திரம் வந்த பிறகு நாட்டில் பார்த்ததெல்லாம் மனத்தை நோகடித்தது. 1950 ஜூன் 11ஆம் தேதி தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். வயது ஐம்பதுதான். எத்தனையோ பையன்களுக்குத் தாயாக இருந்தவருக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லாமல் போனார்களே என்று அவருடைய மாணவர்கள் வருந்தியிருப்பார்கள்.

ராய்கட் மாவட்டம் மாண்காவ்ன் வட்டாரத்தில் வட்கர் என்ற இடத்தில் சானே குருஜி தேசிய நினைவகம் இருக்கிறது. மும்பை–கோவா சாலை வழியாகப் போகலாம். அங்கே ஒரு மொழி பெயர்ப்பு மையமும் 'ஆந்தர் பாரதி' என்ற பெயரிலேயே அமைத்திருக்கிறார்கள். 'ஷ்யாம்ச்சி ஆயீ' புத்தகம் தாதரில் எந்த மராத்திப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். எளிய நடை. பள்ளியில் மராத்தி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், தினம் ஓர் இரவு வீதம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். 42 இரவில் முடிந்துவிடும்.