எல் நினோ வந்தும் பொய்க்காத மழை

1997-இல் பசிபிக் பெருங்கடலின் நடுவும் கிழக்கும் வழக்கத்தைவிட மிகவும் சூடேறின. 20-ஆம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் அது ஒன்று. இந்தியாவில் பருவமழை பொய்த்துவிடும் என்ற அச்சம் பரவியது. ஆனால் மழை சராசரிக்குச் சற்று மேலாகவே பெய்தது. 2002-இல் வந்த எல் நினோ அதைவிட வலுக்குறைந்தது. அந்த ஆண்டோ 19 சதவீதம் மழை குறைந்து, நாடு வறட்சியில் தவித்தது.

எல் நினோவைக் கணிப்பதில் முக்கியம், கடல் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதல்ல. அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் உரிய நீண்டகாலச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான். வங்கக்கடலில் 28 டிகிரி சர்வசாதாரணம். குளிர்நீர் மேலெழும் பெரு நாட்டுக் கரையில் அதே 28 டிகிரி வந்தால் நெத்திலி மீன்பிடிப்பே படுத்துவிடும். நடுப் பசிபிக்கில் விலகல் 0.5 டிகிரியைத் தாண்டி மாதக்கணக்கில் நீடித்தாலே எல் நினோ கணக்கில் வந்துவிடும்.

சூடான நீர்ப்பரப்பின் மேல் காற்று ஈரத்தைச் சுமந்து எழுந்து மேகமாகிறது. எழுந்த காற்று வேறெங்காவது இறங்கியாக வேண்டும்; இறங்கும் இடத்தில் மேகம் திரளாது. வழக்கமாக இந்தோனேசியாவை ஒட்டி எழும் காற்று, எல் நினோ காலத்தில் கிழக்கே தள்ளிப் போய் எழுகிறது. நம் பக்கம் இறங்குமுகம், மழைக்குப் பஞ்சம்.

1997-இல் இதற்கு ஈடுகொடுத்தது இந்தியப் பெருங்கடல். சுமத்ரா கரையோரம் கடல் குளிர்ந்தது. ஆப்பிரிக்கா பக்கம் சூடேறியது. இந்த 'இந்தியப் பெருங்கடல் இருமுனை'யை 1999-இல் சாஜி, யமகட்டா உள்ளிட்டோர் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். கிழக்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரை மேற்கே தள்ள, சுமத்ராவை ஒட்டி அடியிலிருந்து குளிர்நீர் ஏறுகிறது. வெப்ப வேறுபாடு கூடக்கூடக் காற்றும் வலுக்கிறது. இந்தச் சுழற்சி இந்தியாவை நோக்கி ஈரத்தைத் திருப்பியது. 2002-இல் அப்படி வலுவான துணை கிடைக்கவில்லை.

2019-இல் இருமுனை உச்சத்துக்குப் போனபோது கிழக்கு ஆப்பிரிக்கா வெள்ளத்தில் மிதந்தது; வறண்டு கிடந்த ஆஸ்திரேலியாவில் காடுகள் பற்றி எரிந்தன.

தமிழ்நாட்டுக்கு விதி வேறு. தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும் எல் நினோ, வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டுகிறது. சென்னை மூழ்கிய 2015-உம் வலுவான எல் நினோ ஆண்டுதான். ஆகவே எல் நினோ என்று செய்தி வந்தால் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்தப் பருவமழைக்கு? இந்தியப் பெருங்கடலில் எந்தப் பக்கம் சூடு?