கையில் கிடைத்தது கல்லா, கடல் உயிரியா? கண்டுபிடிப்பது எப்படி?

புதுக்கோட்டையில் ஒருவர் கையில் சங்கு மாதிரி ஒரு கல். எங்கிருந்து வந்திருக்கும்?

நார்த்தாமலை போன்ற புதுக்கோட்டை குன்றுகள் கிரானைட் வகைப் பாறை. அதில் சங்கு, சிப்பி கிடைக்காது. ஆனால் வடக்கே உள்ள அரியலூர், பெரம்பலூர் பகுதியில் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. அங்கே இதெல்லாம் சகஜம்.

எப்படி அடையாளம் காண்பது?

* ஆட்டுக்கடா கொம்பு போல சுருள், மேலே இலை நரம்பு மாதிரி கோடுகள்: அம்மோனைட்.
* துப்பாக்கித் தோட்டா வடிவம்: பெலம்னைட். கணவாய் மீனின் அழிந்துபோன உறவு.
* உருண்டையான கல்லின் மேல் ஐந்து இதழ் பூ: கடல் முள்ளெலி.

அமெச்சூர்களால் வந்த கண்டுபிடிப்பு

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பகுதிகளில் இப்படிப்பட்ட கற்களைச் சேகரித்தார்கள். இருவரும் விஞ்ஞானிகள் இல்லை. லண்டனில் அவற்றை ஆராய்ந்த எட்வர்ட் ஃபோர்ப்ஸ், 1846இல் அறிக்கை வெளியிட்டார். டைனோசர் காலத்துக் கடல் உயிரிகள் என்பது தெரிந்தது. எந்தக் கல் எந்தப் பகுதியில் எடுத்தது என்ற விவரம் இருந்ததால், அந்தந்தப் பாறையின் வயதையும் கணிக்க முடிந்தது.

நீங்க என்ன செய்யணும்?

உடைக்காதீங்க, ஆசிட் ஊற்றிக் கழுவாதீங்க. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து போட்டோ எடுங்க. கிடைத்த இடத்தை மொபைல் மேப்பில் சேமிங்க. திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்கலாம்.

எடுத்த இடம் தெரியலைன்னா, அது ஷோகேஸில் வைக்கும் அழகான கல் மட்டும்தான்.