வெயில் விழும் கல்லிடுக்கு: டாவோசில் சேடம் நடுவோருக்கு

அகதி ஒருவரிடம் சென்று, "இந்தச் செடியை எங்கே நடப் போகிறீர்கள்?" என்று கேட்பது சற்றுக் கொடுமையானதே. 'என்' அட்டையுடன் முடிவுக்காகக் காத்திருப்பவர், தாம் வாழும் மாநிலத்தைத் தாமே தெரிவு செய்தவரல்லர். அடுத்த கோடையில் எந்த விடுதியில் இருப்பார் என்பதும் அவருக்குத் தெரியாது. அதனாற்றான் நம்மவர் பலர் யன்னலோரத்தில் கொத்தமல்லியும் மிளகாயும் வளர்ப்பதோடு நின்றுவிடுகின்றனர். பல்லாண்டு நிலைத்திருக்கும் ஒரு செடியைப் பற்றி நாம் எழுதத் துணிவதற்குக் காரணம், அது பெயர்த்தெடுத்துச் செல்ல மிக எளிதானது என்பதே.

தாவரவியலார் அதனைச் சேடம் என்பர். (நம் மொழியில் சேடம் என்றால் எஞ்சி நிற்பது. இது தற்செயலான ஒலியொற்றுமைதான். ஆயினும் பெயர் பொருந்தியே இருக்கிறது.) நிலத்தோடு படரும் அதன் சிறு இனங்களை யேர்மன் மொழி பேசுவோர் 'மதில் மிளகு' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். ஐந்து முதல் பதினைந்து சென்ரிமீற்றர் உயரம், நீர் நிறைந்த தடித்த இலைகள், ஆழஞ் செல்லாத வேர்கள். புல் முளைக்க மறுக்கும் கல்லு நிலத்தையும் ஒரு பாய்போல் மூடிவிடும்.

டாவோஸ் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1560 மீற்றர் உயரத்தில் உள்ளது. இங்கே ஒன்றை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு நூற்றாண்டுக்கு முன்னரே விடை கண்டவர்கள் காசநோய் மருத்துவர்கள். அவர்களுள் முதல்வரான அலெக்சாந்தர் ஸ்பெங்லர் ஓர் அகதி என்பதை நம் வாசகர் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். யேர்மனியின் பாடன் பகுதியில் 1849இல் தோல்வியுற்ற புரட்சியில் பங்கேற்றுத் தப்பி வந்த சட்ட மாணவர் அவர். சூரிச்சில் மருத்துவம் கற்று, 1853இல் டாவோசுக்கு வைத்தியராக வந்தார். இப்பள்ளத்தாக்கு மக்களிடையே காசநோய் காணப்படாததைக் கவனித்தார். 1865இல் முதற் குளிர்கால நோயாளர் இங்கு வந்தனர். பின்னர் எழுந்த ஆரோக்கிய நிலையங்கள், காற்றொதுக்கும் தென்முக வெயிலும் உள்ள சரிவுகளைத் தேடிக் கட்டப்பட்டன. 1900இல் திறக்கப்பட்ட ஷற்சால்ப் அவற்றுள் ஒன்று. இன்று அது ஒரு விடுதி. அதனருகே ஆல்ப்ஸ் மலைச்செடிகளுக்கான தாவரப் பூங்காவொன்றும் உண்டு.

நோயாளரைக் கிடத்திய அதே தென்முகந்தான் சேடத்துக்கும் உகந்தது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் உடனே சாகாது. தண்டு நீண்டு, இலை அருகி, இடைவெளிகளிற் புல் புகுந்து மெல்ல மெல்லத் தோற்கும். இரண்டாவது தேவை, நீர் தங்காத நிலம். நம்மிற் பலர் இங்கேதான் தவறுகின்றோம். இச்செடியைக் கொல்வது குளிரன்று. தூய பனி ஒரு போர்வையே. அதன் கீழ் செடி பத்திரமாக உறங்கும். கேடு வருவது பனி உருகும்போது. உருகிய நீர் தேங்கி இரவில் மீண்டும் உறைந்தால் வேர் அழுகும். எனவே கூரையிலிருந்து நீர் சொட்டும் இடம், வாகனத் தரிப்பிடப் பனியை வாரிக் குவிக்கும் மூலை, கட்டடத்தின் வடபுறம் ஆகியவற்றை விலக்குக. சிறு சரிவு, கல்மதிலின் உச்சி, படிக்கட்டின் ஓரம் என்பன நன்று. பிள்ளைகள் ஓடும் வழியும் ஆகாது. மிதிபட்டால் இலை நசுங்கிவிடும். எருவும் வேண்டாம். கொழுத்த மண்ணில் வளர்ந்தது இளகிச் சரியும்.

வெயிலையும் வறட்சியையும் இச்செடி தாங்கும் விந்தைக்கு நம்மூர்த் தொடர்பொன்று உண்டு. தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் தாவரவியலாளராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹைன். பள்ளிக்காலத்தில் நாம் புத்தகத்துள் வைத்துக் குட்டி முளைப்பதைப் பார்த்தோமே, அந்த இரணகள்ளியின் இலையை அவர் மென்று பார்த்தார். காலையில் புளித்தது, நண்பகலிற் சுவையற்றிருந்தது, மாலையிற் சற்றே கசந்தது. 1815இல் அச்சேறிய இக்குறிப்பு பின்னாளில் விளக்கம் பெற்றது. இக்குடும்பச் செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடி நீரைக் காத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன. சேடமும் இரணகள்ளியின் குடும்பமே. வறட்சி வரும்போது அதன் இனங்கள் சில இம்முறையைக் கைக்கொள்கின்றன.

எந்த இனத்தை நடுவது? காக்கேசிய மலையிலிருந்து வந்த இளஞ்சிவப்புப் பூ இனம் அழகானது, மிக விரைந்து பரவுவது. அதனாலேயே சுவிற்சர்லாந்தில் ஆக்கிரமிப்பு இனமாகக் கணிக்கப்படுகிறது. 2024 செப்டம்பர் முதலாந் திகதியிலிருந்து அந்நியத் தாவரங்கள் பலவற்றின் விற்பனைக்கே இந்நாட்டில் தடை உண்டு. 'அந்நியம்' என்ற சொல்லைச் செடியின் மீது படிக்கும்போதும் நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் இதில் அரசின் பக்கமே நியாயம் உண்டென்பது எம் கருத்து. மலைப்பாறைகளில் வாழும் சிறு செடிகளுக்குப் போக வேறிடம் இல்லை. வெண்பூப் பூக்கும் உள்ளூர் இனத்தை நடுக. இந்நாட்டிற் பாதுகாக்கப்படும் அப்பொல்லோ வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையை உண்டே வளர்கிறது. மஞ்சட்பூ இனமும் உள்ளூரதே. ஆனால் அதன் இலை காரமானது, வயிற்றைக் கெடுப்பது. மதில் மிளகு என்ற பெயரை நம்பி எவரும் இரசத்திற் போட்டுவிட வேண்டாம்!

வாடகை வீட்டு நிலம் நமதன்று. முதலில் வீட்டுப் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். பனி முற்றாக நீங்கிய பின், யூன் மாதமளவில், புல்லை வேரோடு களைந்து, மண்ணுடன் சரளைக்கல் கலந்து பரவுக. மலையிற் பிடுங்க வேண்டாம். அயலவரிடம் ஒரு பிடி கேட்டால் தருவர். விரல் நீளத் துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் அழுத்தி வைத்து, முதற் சில வாரங்கள் மட்டும் அளவாக நீர் தெளித்தாற் போதும்.

இடமாற்றக் கடிதம் வந்துவிட்டால் நாலைந்து தண்டுகளைக் கிள்ளிக் கடதாசியிற் சுற்றி எடுத்துச் செல்லலாம். நீரின்றிச் சில நாட்கள் கிடந்தாலும் அவை சாகா. எஞ்சியதை அடுத்து அவ்வறைக்கு வரும் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.