ஆறு கடலைத் தொடும் இடம்

சிவகாசிப் பக்கம் பெய்யும் மழை எங்கே போய்ச் சேர்கிறது என்று எண்ணியதுண்டா? அர்ச்சுனா ஆறு, சாத்தூரைக் கடந்து வரும் வைப்பாற்றுடன் இருக்கன்குடியில் கலக்கிறது. பின்னர் வைப்பாறு, சிப்பிகுளம் ஆகிய கடலோர ஊர்களின் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. 1542-இல் புனித சவேரியார் வந்திறங்கிய முத்துக்குளித்துறையைச் சேர்ந்த கரை அது.

முகத்துவாரத்தில் சிறு வள்ளம் செலுத்துவோருக்கு ஓதமே கடிகாரம். நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும். அடுத்த நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். ஏற்றத்தோடு மடவையும் கிழங்கானும் உள்ளே நுழையும். வற்றத்தில் சிறு மீன்கள் ஓடைகள் வழியே இறங்கும்போது, தட்டைத் தலையுடைய மீனொன்று கண்கள் மட்டும் வெளியே தெரிய மணலில் பதுங்கிக் காத்திருக்கும். அறிந்தவர் அவ்வேளை பார்த்துத் தூண்டிலிடுவர்.

இறால் குஞ்சுகள் வளர்வதும் இந்த உவர்நீரில்தான். மேலிருந்து நீர் வராவிடில் மணல் திட்டு வாயை அடைக்கும். ஓதம் உள்ளே வராது. நாம் ஆற்றில் எறியும் கழிவோ வெள்ளத்தோடு அங்கேதான் போய்ச் சேரும்.

அயலான் யார் என்ற வினாவுக்கு ஆண்டவர் ஒரு வழிப்பயணத்தை உவமையாக உரைத்தார். நமக்கு அவ்வழி இந்த ஆறே. நம் ஓடையைத் தூய்மையாக வைத்தல், முகம் அறியாத மீனவக் குடும்பத்துக்கு நாம் செய்யும் அன்புப் பணியன்றோ?