விளிம்பு விளைவும் குறுக்கீட்டு விளைவும்: கலைச்சொல்லாக்க நோக்கில்

தமிழ்நாட்டு மேல்நிலைப்பள்ளி இயற்பியல் நூல்களில் அலை ஒளியியல் என்னும் பகுதி இரு கலைச்சொற்களைப் பெரிதும் சார்ந்து நிற்கிறது. ஓரியல் மூலங்கள் இரண்டிலிருந்து வரும் ஒளியலைகள் மேற்பொருந்துகையில் ஒளிச்செறிவு சிலவிடங்களில் மிகுந்தும் சிலவிடங்களில் குறைந்தும் அமைவது குறுக்கீட்டு விளைவு. தடையொன்றின் ஓரத்தைக் கடக்கும் ஒளி, நிழல் விழவேண்டிய பகுதிக்குள்ளும் வளைந்து பரவுவது விளிம்பு விளைவு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இவற்றை முறையே தலையீடு, கோணல் என வழங்குகின்றன. ஒரே மொழியில் ஒரே நிகழ்வுக்கு இருவேறு பெயர்கள் தோன்றியமை, பெயரிட்டோர் அந்நிகழ்வின் எக்கூற்றைப் பற்றிக்கொண்டனர் என்பதை ஆராய இடமளிக்கிறது.

ஐரோப்பிய மூலச்சொற்களும் குறையற்றவை அல்ல. இரண்டாவது நிகழ்வுக்கு இத்தாலியரான கிரிமால்டி இட்ட இலத்தீன் பெயர், அவர் மறைவுக்குப் பின் 1665இல் வெளிவந்த நூலில் காணப்படுகிறது; 'உடைத்தல்' என்னும் வினையடியிற் பிறந்தது அது. ஒளிவிலகலைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் அவ்வடியினதே. இலங்கை வழக்கு விலகலை 'முறிவு' எனக் கூறி அவ்வடிப்பொருளைக் காத்தது; மற்றதற்கோ அதை விடுத்து வடிவத்தைக் குறிக்கும் 'கோணல்' என்பதைத் தேர்ந்தது.

குறுக்கிடுதல் என்பது அன்றாட வழக்கில் தடுத்தலையும் இடையில் புகுதலையும் உணர்த்தும். ஆகவே ஓர் அலை மற்றோர் அலையை மறித்து நிறுத்துகிறது என மாணவர் கருத இடமுண்டு. உண்மையில் அலைகள் ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து, முன்னிருந்த இயல்புடனே செல்கின்றன. சந்திக்கும் இடத்தில் இடப்பெயர்ச்சிகள் கூடுகின்றன என்பதே செய்தி. 'தலையீடு' என்பதும் இம்மயக்கத்திற்கு விலக்கன்று. 'அழிவுக் குறுக்கீட்டு விளைவு' என்னும் தொடர் இன்னும் இடர் தருவது. யங் ஆய்வில் 1 மி.மீ. இடைவெளியுள்ள இரு பிளவுகளின்மீது 589 நானோமீட்டர் அலைநீளமுள்ள மஞ்சள் ஒளி பட்டால், 1 மீட்டர் தொலைவிலுள்ள திரையில் ஏறத்தாழ 0.59 மி.மீ.க்கு ஒன்றாகப் பொலிவு வரிகள் தோன்றும். அவற்றிடையேயுள்ள கருமை வரிகளில் ஆற்றல் எதுவும் அழிவதில்லை. அது பொலிவு வரிகளுக்குப் பகிரப்படுகிறது. இந்நிலையில் 'விளைவு' என்னும் பின்னொட்டே தமிழ்நாட்டுச் சொல்லுக்குக் காப்பு: செயலை விடுத்துத் திரையிற் காணும் பயனை அது சுட்டுகிறது. சுருக்கம் கருதி அதை விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர் சொல்லின் சிறந்த பாதியை இழக்கிறார்.

'விளிம்பு விளைவு' என்பதன் இடர் வேறு. பள்ளி ஆய்வகத்தில் ஊசிமுனையும் சவர அலகும் உள்ளவரை அது தெளிவான சொல். 1912இல் லாவேயின் கருத்துப்படி தாமிர சல்பேட் படிகத்தினூடே எக்ஸ் கதிர்கள் செலுத்தப்பட்டபோதும், 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தின்மேல் எலக்ட்ரான்களைச் செலுத்தியபோதும் கிடைத்த அமைப்புகளை அப்பெயரால் அழைக்கையில், விளிம்பு எங்கே என்னும் வினா எழுகிறது. அங்கு உள்ளவை ஒழுங்காக அடுக்கப்பட்ட அணுக்களேயன்றி ஓரங்கள் அல்ல. மேலும், சூழலியலில் இரு வாழிடங்கள் சந்திக்கும் எல்லையின் நிகழ்வுக்கும் இத்தொடரே பொருந்தி வருகிறது. வினையாக்கத்திலும் இது வளைந்துகொடுப்பதில்லை: விலகிய கதிர், எதிரொளித்த கதிர் என இயல்பாக வருவனபோல் இதிலிருந்து பெயரெச்சம் அமைவதில்லை, 'விளிம்பு விளைவுக்கு உட்பட்ட கதிர்' என நீட்டவேண்டியுள்ளது. 'கோணல்' இவ்வகையில் எளிது எனினும், கோணல் புத்தி போன்ற வழக்குகளால் குறைபாட்டுப் பொருள் அதில் ஒட்டியுள்ளது.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் நிறைவான வேறுபாடு வரையறுக்கப்படவில்லை என்றும், அது சொல்வழக்கைப் பொறுத்ததே என்றும் ஃபெயின்மன் தம் இயற்பியல் விரிவுரைகளில் கூறியுள்ளார். மூலங்கள் சிலவாயின் ஒரு பெயர், பலவாயின் மற்றொரு பெயர் என்பதே பெரும்பாலான வழக்கு. தமிழிலோ ஒன்று அலைகளின் செயலாலும் மற்றொன்று இடத்தாலும் பெயர்பெற்றதால், இவை அடிப்படையிலேயே வேறு என்னும் தோற்றம் மூலமொழியைவிட வலுப்பெறுகிறது. படிக இயல் நூலை மொழிபெயர்ப்போர் நிலைபெற்ற பள்ளிச் சொல்லை மாற்றத் தேவையில்லை. அது முதலில் வருமிடத்தில், பல மூலங்களின் அலைகள் மேற்பொருந்துவதே இங்குக் கருதப்படுகிறது என ஒரு தொடர் சேர்த்தல் போதுமானது.