பத்துக்குப் பத்து அறையில் இரண்டு குழந்தைகள்

சென்னையோ கோவையோ மதுரையோ, நடுத்தரக் குடும்பத்தின் டபுள் பெட்ரூம் ஃபிளாட்டில் இரண்டாவது படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடிதான் இருக்கும். அந்த அறையில் ஆறு வயது அண்ணனும் மூன்று வயதுத் தங்கையும் தூங்க வேண்டும், விளையாட வேண்டும். அண்ணன் வீட்டுப்பாடம் எழுத வேண்டும். இருவருடைய துணிமணி, பொம்மை, புத்தகம் எல்லாம் அங்கேயே அடங்க வேண்டும். ‘பிள்ளைகளுக்கு ரூம் ரெடி பண்ணணும்’ என்று பேச்சு எழுந்ததுமே பெற்றோர் கடைக்குக் கிளம்புகிறார்கள். கார் வடிவக் கட்டில், கார்ட்டூன் ஸ்டிக்கர், பொம்மை அலமாரி, வண்ண விளக்கு என ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. எல்லாம் வந்து நிறைந்ததும் குழந்தைகள் விளையாட ஹாலுக்கு வந்துவிடுகிறார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லை.

இதில் மனித மூளையின் இயல்பு ஒன்று வேலை செய்கிறது. வெர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லெகோ கட்டைகளால் செய்த சிறு கட்டுமானம் ஒன்று. அதன் கூரை ஒரு மூலையில் இருந்த ஒற்றைக் கட்டையின் மேல் ஆட்டம் கண்டு நின்றது. மேலே பாரம் வைத்தாலும் சரியாதபடி அதைச் சீர்செய்யச் சொன்னார்கள். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு கட்டைக்கும் 10 சென்ட் பிடித்தம். அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை கச்சிதமாகக் கீழே உட்கார்ந்துவிடும், காசும் மிச்சம். ஆனாலும் 41 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். ‘எடுப்பதற்குக் காசில்லை’ என்று முன்கூட்டி நினைவூட்டியபோது அது 61 சதவீதமாக உயர்ந்தது. ஒன்றைச் சீராக்கச் சொன்னால் எதைச் சேர்க்கலாம் என்றுதான் நமக்கு முதலில் தோன்றுகிறது. குறைப்பதும் ஒரு வழி என்பதை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. சிறிய அறைக்குத் தேவைப்படுவது அந்த வழிதான்.

தரைக் கணக்கு

பத்துக்குப் பத்து என்பது 100 சதுர அடி, சுமார் 9.3 சதுர மீட்டர். இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டில் இரண்டு அறைகள் இருந்தால் ஒன்று குறைந்தது 9.5 சதுர மீட்டரும் மற்றது 7.5 சதுர மீட்டரும் இருக்க வேண்டும். ஆகவே இந்த அறை குறைபாடானது இல்லை. குறைபாட்டை நாம்தான் உள்ளே கொண்டுவருகிறோம். மூன்றடிக்கு ஆறேகால் அடி அளவில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் போட்டால் 37.5 சதுர அடி போயிற்று. துணி அலமாரிக்கு 8, மேசை நாற்காலிக்கு 12, கதவு திறந்து மூட 7. மிஞ்சுவது சுமார் 35 சதுர அடி. அதுவும் துண்டு துண்டாக.

குழந்தைக்கு அறையின் முக்கியமான பகுதி தரைதான். 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. மழைக்காலத்திலும் கத்திரி வெயிலிலும் அந்த இயக்கத்தில் பெரும்பகுதி வீட்டுக்குள்தான் நடந்தாக வேண்டும்.

தரையை மீட்க நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. இரவில் பாய் விரித்து, காலையில் சுருட்டி மூலையில் சாத்திவைப்பது. பத்தமடைக் கோரைப்பாயோ மடக்கு மெத்தையோ, பகலில் அது எடுத்துக்கொள்ளும் இடம் மிகக் குறைவு. கட்டில்தான் வேண்டும் என்றால் ஒன்றின் அடியில் இன்னொன்றைத் தள்ளிவைக்கும் இழுப்புக் கட்டில் நல்லது. அதில் குழந்தை உருண்டு விழுந்தாலும் உயரம் குறைவு.

‘பங்க் பெட்’ எனப்படும் அடுக்குக் கட்டிலை வாங்கும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தையை மேல் தட்டில் படுக்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகத்தின் அறிவுரை. அமெரிக்க விதிப்படி மேல் தட்டின் தடுப்புக் கம்பி மெத்தைக்கு மேல் குறைந்தது 5 அங்குலம் எழும்பி நிற்க வேண்டும். இடைவெளிகள் மூன்றரை அங்குலத்துக்கு மிகக் கூடாது. நம் வீடுகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு: சீலிங் ஃபேன். மேல் தட்டில் எழுந்து உட்காரும் குழந்தையின் தலையும் நீட்டும் கையும் ஃபேனின் இறக்கைக்கு எட்டிவிடும். அடுக்குக் கட்டில் போட்டால் ஃபேனைச் சுவருக்கு மாற்றியே ஆக வேண்டும்.

நான்கா, பதினாறா?

அடுத்துக் குறைக்க வேண்டியது பொம்மைகளை. அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஒன்றரை முதல் இரண்டரை வயது வரையிலான 36 குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும், ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். பொம்மை குறைவாக இருந்தபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நெடுநேரம் விளையாடினார்கள். ஒரே பொம்மையைப் பல விதமாகப் பயன்படுத்தினார்கள். 2018-இல் இது வெளியானது. சின்னக் குழந்தையின் கவனம் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. கண்ணில் புதிதாக ஒன்று பட்டால் கையில் இருப்பது நழுவிவிடும்.

எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. நம் வீடுகளில் லாஃப்ட் இருக்கிறது. பொம்மைகளை நான்கு பங்காகப் பிரித்து ஒரு பங்கைக் கீழே வையுங்கள். மூன்றை மேலே ஏற்றுங்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றினால் பழைய பொம்மை புதிதாகத் தெரியும். இரு குழந்தைகள் இருக்கும் அறையில் ஒரு நிபந்தனை மட்டும்: பெரிய குழந்தையின் மணிகள், காந்தத் துண்டுகள், பட்டன் பேட்டரிப் பொம்மைகள் சிறிய குழந்தையின் கைக்கு எந்த நாளும் எட்டக் கூடாது.

சுவர் பேசாமல் இருக்கட்டும்

2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தினார்கள். சில பாடங்கள் படங்களும் வண்ண அட்டைகளும் நிறைந்த வகுப்பறையில்; சில பாடங்கள் வெறும் சுவர் கொண்ட அறையில். வெறும் சுவர் அறையில் பாடம் நடந்த நேரத்தில் 28.4 சதவீதம் கவனம் சிதறியது. அலங்கார அறையில் 38.6 சதவீதம். பாடத்தின் பிறகு கேட்ட கேள்விகளுக்கு வெறும் சுவர் அறையில் 55 சதவீதம் சரியான விடை வந்தது. அலங்கார அறையில் 42 சதவீதம்தான்.

படமே கூடாது என்பது இதன் பொருளில்லை. எந்தச் சுவரில் என்பதுதான் கேள்வி. எழுதும் மேசைக்கு எதிரே உள்ள சுவரையும் படுத்தால் கண்ணில் படும் சுவரையும் வெறுமையாக விடுங்கள். மீதியுள்ள ஒரு சுவரைக் குழந்தைகளிடமே கொடுங்கள். அவர்கள் வரைந்ததை அவர்களே ஒட்டட்டும், அவர்களே மாற்றட்டும்.

இந்த வண்ணம் அமைதி தரும், அந்த வண்ணம் அறிவு தரும் என்ற விற்பனைப் பேச்சை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைச் சிறையில் ஓர் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். அது கைதிகளின் முரட்டுத்தனத்தைக் குறைத்ததாகப் பேசப்பட்டு உலகம் முழுக்கப் புகழ் பெற்றது. பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. வெளிர் நிறச் சுவர் வெளிச்சத்தை நன்றாகத் திருப்பித் தரும். பகலில் விளக்குத் தேவை குறையும். அந்த ஒரு காரணம் போதும்.

நிறத்தைவிடப் பெயிண்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதே முக்கியம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தையின் மூளையைப் பொறுத்தவரை ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை. பழைய சுவரைக் காய்ந்தபடியே சுரண்டித் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து தரையை ஈரத்துணியால் துடைக்கும்வரை குழந்தைகள் வேறிடத்தில் இருக்கட்டும்.

இரவுக்கு வெளிச்சம் குறைய வேண்டும்

3 முதல் 5 வயது வரை நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. அந்தத் தூக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துவது மெலடோனின் என்ற ஹார்மோன். விழித்திரையில் உள்ள சிறப்புச் செல்கள் வெளிச்சத்தை, குறிப்பாக நீல ஒளியை உணர்ந்தால், ‘இன்னும் பகல்தான்’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மெலடோனின் சுரப்பு தடைபடும். குழந்தையின் கண்ணில் பாவை பெரிது, வில்லை தெளிவானது. பெரியவர்களைவிடக் கூடுதல் வெளிச்சம் உள்ளே போகிறது.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளைப் படுக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பு பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாட வைத்தார்கள். மெலடோனின் 88 சதவீதம் குறைந்தது. வெளிச்சம் நின்று 50 நிமிடம் ஆன பிறகும் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அது பாதியளவுகூட மீளவில்லை. 2022-இல் அதே குழுவினர் 5 முதல் 40 லக்ஸ் வரையிலான மங்கிய வெளிச்சத்தைச் சோதித்தார்கள். அதிலும் சராசரியாக 78 சதவீதம் குறைந்தது.

ஆகவே டியூப்லைட் ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் அறையில் குழந்தை சீக்கிரம் தூங்காததற்கு அதன் பிடிவாதம் மட்டுமே காரணமில்லை. தனி சுவிட்சில், முட்டளவு உயரத்தில், மஞ்சள் ஒளி தரும் சிறு விளக்கு ஒன்றைப் பொருத்துங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அது மட்டும் எரியட்டும். தங்கை முதலில் தூங்குவாள். அண்ணனுக்குப் புத்தகம் பார்க்க ஆசை இருக்கும். புத்தகத்தின் மேல் மட்டும் விழும் கிளிப் விளக்கும் இரு படுக்கைக்கும் நடுவே ஒரு காட்டன் திரையும் அந்தச் சண்டையைத் தீர்த்துவிடும்.

காற்றும் தூசியும்

சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. மூடிய சிறிய அறையில் இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சுவிட்டால் கரியமில வாயு சேரும். டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் நடந்த ஆய்வில், அறைக்குள் வெளிக்காற்று வந்த இரவுகளில் தூக்கத்தின் தரம் கூடியது; மறுநாள் சோதனைகளையும் மாணவர்கள் சிறப்பாகச் செய்தார்கள். கொசுவலை அடித்த ஜன்னலைச் சற்றே திறந்துவைப்பது இந்த அறைக்குச் செய்யக்கூடிய மிக மலிவான மேம்பாடு. ஜன்னலை மறைத்து பீரோ போடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும் இடத்தில் பெருகும். கடலோர ஊர்களில் ஆண்டு முழுக்க அந்த ஈரம் உண்டு. மெத்தை, தலையணை, பஞ்சடைத்த பொம்மை, கனத்த திரை, கம்பளம் ஆகியவை அவற்றின் வீடுகள். இழுப்பு, தும்மல் உள்ள குழந்தையின் அறையில் கம்பளமே வேண்டாம். பஞ்சுப் பொம்மை ஆளுக்கு ஒன்றோ இரண்டோ போதும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்.

சேர்க்க வேண்டியவை

இவ்வளவையும் கழித்த பிறகு சேர்க்க வேண்டியவை மூன்று உண்டு.

முதலாவது, குழந்தையின் உயரத்துக்கு ஏற்ற திறந்த அலமாரி. மூன்று வயதுக் குழந்தையின் சராசரி உயரம் 95 செ.மீ. அளவுதான். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய பின், குழந்தைகளே எடுத்து அவர்களே திருப்பி வைக்கும்படி தாழ்ந்த அலமாரிகளைக் கொண்டுவந்தார். 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் அதே முறையைக் கற்பித்தார். எட்டும் உயரத்தில் கூடைகள், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதன் படம் என்று வைத்தால், எழுத்துத் தெரியாத குழந்தையும் பொம்மையை அதன் இடத்தில் போட்டுவிடும்.

இரண்டாவது, நான்கைந்து எல்-வடிவ இரும்புத் தகடுகள். குழந்தை அலமாரியின் இழுப்பறைகளைத் திறந்து படிபோல ஏறும்போது எடை மையம் முன்னே நகர்ந்து, அலமாரி அப்படியே அதன் மேல் சாய்கிறது. இப்படிப் பல குழந்தைகள் இறந்ததால்தான் 2022-இல் அமெரிக்கா இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. குழந்தையின் மார்பளவுக்கு மேல் உயரமுள்ள எதையும் சுவரோடு சேர்த்து முடுக்குங்கள். கனமான பொருள்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, ஆளுக்கு ஒரு சொந்த இடம். நெரிசலான வீடுகளை ஆராய்ந்த கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் கேரி எவன்ஸும் அவருடைய குழுவினரும் 1996-இல் ஒன்றைக் கண்டார்கள். ஆட்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும், உள்ளே ஒன்றைத் தாண்டி ஒன்றாகப் பகுதிகள் பிரிந்திருந்த வீடுகளில் நெரிசலின் பாதிப்பு குறைவாக இருந்தது. அவர்கள் பார்த்தது இளைஞர்களின் வீடுகளை. ஆயினும் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் என்ற தேவை சின்னக் குழந்தைக்கும் உண்டு. ஒரு தாழ்ந்த புத்தக அலமாரியைக் குறுக்கே நிறுத்தினால் அறை இரண்டாகிறது. தன் பெயர் எழுதிய கொக்கி, தன் பெட்டி, தங்கையைக் கேட்காமல் அண்ணனும் அண்ணனைக் கேட்காமல் தங்கையும் தொடக் கூடாத ஒரு தட்டு இருந்தால், மற்றவற்றைப் பகிர்ந்துகொள்வது எளிதாகிறது.

அறை சிறியது என்று எந்தப் பெற்றோரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். குழந்தைகளுக்கு வேண்டியது வெறும் தரை, இருட்டான இரவு, நல்ல காற்று, கைக்கெட்டும் ஒழுங்கு. இவற்றில் எதற்கும் பெரிய அறை தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்குப் பணமும் தேவையில்லை. அடுத்த முறை அந்த அறைக்காகக் கடைக்குக் கிளம்பும் முன் தரையில் குழந்தையின் கண் உயரத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்து சுற்றிலும் பாருங்கள். வெளியே எடுக்க வேண்டியவற்றை முதலில் எடுத்துவிட்டு, பிறகு கடைக்குப் போகலாமா என்று முடிவு செய்யுங்கள்.