வெள்ளைக் கோட்டு அணிந்தவர் யார்?

புதுதில்லி: தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகளில் விடியுமுன்பே வரிசையில் நின்று சீட்டுப் பெறும் பிகார் விவசாயியை முதலில் பரிசோதிப்பவர், பெரும்பாலும் பயிற்சியில் உள்ள இளம் மருத்துவரே. அவரது தகுதியை அறிய நோயாளிக்கு வழியுண்டா?

உண்டு என்கிறது 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம். மருத்துவர்களின் பெயரும் தகுதியும் அடங்கிய தேசியப் பதிவேட்டை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அதன் விதி. ஆனால் அதற்கான தளம் தொடங்கப்பட்டதோ 2024 ஆகஸ்டில். அதில் இடம்பெற மருத்துவர் ஆதார் எண்ணுடன் விண்ணப்பிக்க வேண்டும். மாநில மருத்துவக் கவுன்சில் சரிபார்க்க வேண்டும். ஆகவே, அங்கு பெயர் இல்லாததால் மட்டும் ஒருவரைப் போலி மருத்துவர் என்று முடிவு கட்டிவிட இயலாது. மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

பயிற்சி மருத்துவர் விஷயத்தில் குழப்பம் அதிகம். எம்.பி.பி.எஸ். தேறி, ஓராண்டு கட்டாயப் பயிற்சி பெறும் 'ஹவுஸ் சர்ஜன்' வைத்திருப்பது தாற்காலிகப் பதிவு மட்டுமே. பயிற்சி முடிந்த பின்னரே நிரந்தரப் பதிவு. அதுவரை அவர் தனியாக மருத்துவத் தொழில் நடத்த முடியாது. எம்.டி., எம்.எஸ். பயில்பவரின் நிலை வேறு. அவர் முழுமையாகப் பதிவு பெற்ற மருத்துவர். ஆயினும், மேற்பட்டம் பெற்று அதைப் பதிவு செய்யும் வரை அவர் பெயருக்கு எதிரே எம்.பி.பி.எஸ். என்றே இருக்கும். இதில் மோசடி ஏதுமில்லை. இந்த வேறுபாட்டை நோயாளிக்கு யார் எடுத்துச் சொல்வது?

தகுதி பற்றிய கணக்கில் அரசே தடுமாறியதை நாடாளுமன்றம் கண்டிருக்கிறது. அலோபதி மருத்துவம் செய்வோரில் 57.3 சதவீதத்தினருக்கு மருத்துவக் கல்வித் தகுதி இல்லை என, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை தவறானது என்று 2018 ஜனவரியில் மக்களவையில் அரசு பதிலளித்தது. மறு ஆண்டே, புதிய சட்டத்துக்கு நியாயம் கூறுகையில் அதே புள்ளிவிவரத்தை அரசே மேற்கோள் காட்டியது!

பதிவின்றித் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப் புதிய சட்டம் வகை செய்கிறது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் வெறும் ரூ.1,000.

மருந்துச் சீட்டில் பதிவு எண் இடம்பெற வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு முதலே உள்ள நெறிமுறை. எண் இல்லாவிட்டால் கேட்கலாம், கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த நெடிய வரிசையில் நின்று வந்தவர், எதிரே இருக்கும் மருத்துவரிடம் அதைக் கேட்கத் துணிவாரா?